தட்டுவடை செட்டுக்கு இரண்டு ஸ்டார்

உணவு டெலிவரி செயலியில் கடைகளைப் பிடித்துச் சேர்க்கும் வேலைக்குப் பசியோடும் போகக் கூடாது, சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. பசியோடு போனால் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவோம். வயிறு நிறைந்திருந்தால், அவர் ஆசையாக நீட்டுவதை வேண்டாமென்று சொல்லி வந்த காரியத்தைக் கெடுத்துக்கொள்வோம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் விற்பது மாத்திரையோ, இன்சூரன்ஸோ, சோப்புத்தூளோ, படுகிற பாடு ஒன்றுதான்.

என் எல்லை சேலத்தில் சூரமங்கலம் தொடங்கி, மலைச் சாலையின் அடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை. அதற்குள் ஒரு கல்லூரித் தெரு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அங்கே நாய்கூட நடக்காது. ஒரு மெஸ், ஒரு பேக்கரி, ஒரு டீக்கடை, விடுதிச் சுவரோரம் ஒரு தட்டுவடை செட் வண்டி. அந்தத் தெருவின் சாப்பாட்டு உலகம் அவ்வளவுதான். அதில் ஒன்றை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மெனு

செயலியில் கடையை ஏற்ற முதலில் மெனு வேண்டும். மெஸ்கார அண்ணனிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். "சோறு" என்றார். அது தெரிகிறது, கூட என்ன என்றேன். "கொழம்பு" என்றார். என் ஃபோனிலோ ஒவ்வொரு பண்டத்துக்கும் பெயர், படம், நாக்கில் எச்சில் ஊறும்படி இரண்டு வரி வர்ணனை என்று கட்டம் கட்டமாகக் காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை என்ன குழம்பு, செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு என்று நான் நோண்ட நோண்ட அவர் முகம் சுண்டிவிட்டது. வீட்டில் மனைவி சமைத்துப் பானையை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார். இவர் இறக்கி வைத்துப் பரிமாறுகிறார். இருபது வருடமாக இப்படித்தான் நடக்கிறது. நான் ஏழாவது முறையாகக் கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊட்டுக்காரியவே நானு இந்தக் கேள்வி கேட்டதில்லீங்க. பானையத் தொறந்தாத்தான் எனக்கே தெரியும்."

படம்

அங்கே தோற்ற கையோடு செல்வி அக்காவின் வண்டிக்குப் போனேன். நாமகிரிப்பேட்டைக்காரர். கணவர் இல்லை. ஒன்பது வருடமாக அதே சுவரோரம் தட்டுவடை செட் போடுகிறார். ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே மூட இன்னொரு தட்டுவடை. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், அதைத் தட்டில் அடுக்கி வைத்துத் தின்ன முடியாது. வண்டியைச் சுற்றி நிற்க வேண்டும். அக்கா ஒன்று போட்டுக் கையில் வைப்பார், அப்படியே வாய்க்குள் போக வேண்டும். நாம் மென்று முடித்த பிறகுதான் அடுத்ததைப் போடுவார். எட்டுப் பேர் நின்றாலும் யார் வாய் காலி என்று அவருக்குத் தெரியும்.

நான் படம் எடுக்க வேண்டுமென்று ஆறு செட்டைத் தட்டில் வரிசையாக வைக்கச் சொன்னேன். வெளிச்சம் சரியில்லை, வண்டியைக் கொஞ்சம் திருப்புங்கள் என்றேன். சட்னிக் குண்டானை நகர்த்துங்கள் என்றேன். பத்து நிமிடம் ஆனது. படம் எடுத்து முடித்ததும் அக்கா தட்டைப் பார்த்தார். ஆறையும் அப்படியே வழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நான் பதறிப்போய் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "அது செத்துப்போச்சுங்க சாமி. வேற போட்டுத் தாரேன், வாங்க."

கடைசி ஒரு கடை

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மாத டார்கெட்டுக்கு ஒரு கடை குறைந்தது, மெஸ் கைநழுவிவிட்டது, சென்னையிலிருந்து மேனேஜர் தினமும் காலையில் கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஊறிப்போய்விடுமே என்று அக்கா நாலு நாள் மறுத்தார். நான் விடவில்லை. மழைநாளில் யார் வந்து நிற்பார்கள், பரீட்சை லீவில் யார் வருவார்கள், ஊரே உங்கள் செட்டைச் சாப்பிட வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஃபோனை என்னிடமே நீட்டினார். நானே எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். செத்துப்போன அந்த ஆறின் படத்தைத்தான் ஏற்றினேன். எங்கள் வழக்கப்படி ஃபோன் மேப்பிலும் கடையைக் குறித்துவிட்டேன். முடிந்தது என்றதும் அக்கா சொன்னார்: "எனக்கு இதொண்ணும் புரியாதுங்க. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்."

சேர்த்தாலும் பிரித்தாலும்

டப்பாவில் போன செட்டுகள் இருபது நிமிடம் கழித்துச் சூரமங்கலத்தில் இறங்கின. அதற்குள் சட்னி குடித்து வடை துவண்டிருந்தது. "நனைந்த அட்டை" என்று ஒருவர் எழுதி ஒரு ஸ்டார் போட்டார். எனக்குத்தான் எதற்கும் ஒரு வழி தோன்றுமே, வடை தனி, காய் தனி, சட்னி தனி என்று கட்டச் சொன்னேன். அக்கா குனிந்து பொட்டலம் கட்ட, வண்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வெறும் வாயோடு காத்திருந்தார்கள். வாங்கியவர்களோ, நாங்களே செய்துகொள்ள வேண்டுமென்றால் கடை எதற்கு என்று எழுதி, பெரும்பாலும் அதே ஒரு ஸ்டாரைப் போட்டார்கள். செயலியில் எழுதியது போதாதென்று மேப்பிலும் போய் எழுதினார்கள்.

எழுத்து பொடிசாக இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்று அக்கா ஃபோனை நீட்டுவார். நான் கூசாமல் பொய் வாசித்தேன். அருமை என்கிறார், காரம் கச்சிதம் என்கிறார், வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததாம் என்று அளந்தேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "இத்தன நல்லா இருக்குதுன்னா, ஏனுங்க ஒருத்தரும் மறுக்கா கேக்கறதில்ல?"

புதுப் பிள்ளைகள்

கல்லூரித் தெருவில் ஒரு பெயர் மூன்று நாலு வருடம்தான் நிற்கும். அக்காவைத் தெரிந்த பிள்ளைகள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போனார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் ஃபோனைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முன்பென்றால் நிற்கிற கூட்டமே புதியவர்களை இழுத்துவிடும். பொட்டலத்துக்குக் காத்திருந்து சலித்து, அந்தக் கூட்டமும் டீக்கடை பஜ்ஜிக்கு மாறியிருந்தது.

ஒரு நாள் நானும் அங்கே நின்றிருந்தேன். இரண்டு பெண்கள் வண்டிக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றார்கள். அக்கா முகமெல்லாம் மலர்ந்து கையில் வடையை எடுத்துவிட்டார். ஒருத்தி ஃபோனைப் பார்த்தாள், மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா வடையைத் திரும்ப டப்பாவில் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை: "ரெண்டு ஸ்டார்தான்டி போட்டிருக்கு. வா, பேக்கரிக்குப் போலாம்."

எடுக்க முடியாதது

அன்றைக்கே கடையைச் செயலியிலிருந்து எடுத்தேன். மேப்பில் விழுந்த ஸ்டார்கள் போகவில்லை. என் பெயரில் ஐந்து ஸ்டார் போட்டேன், மனைவி பெயரில் போட்டேன், தட்டுவடை செட்டைக் கண்ணால் பார்த்து வருடக்கணக்கான ஷார்ஜா மச்சானையும் போடச் சொன்னேன். ஒன்றும் அசையவில்லை. அக்காவிடம் போய் நான் வாசித்ததெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு செட் போட்டுக் கையில் வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் போனபோது சுவரோரம் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. டீக்கடையில் கேட்டால், ஊருக்கே போய்விட்டார் என்றார்கள். அழுகை வந்தது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வேகத்தில் மேனேஜரைக் கூப்பிட்டு, ஒரு பொம்பளையின் பிழைப்பு போய்விட்டது, நாம்தான் காரணம் என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தக் கடை அப்பவே நம்ம டார்கெட் கணக்குல வந்துடுச்சு சார். விடுங்க."

நாமகிரிப்பேட்டை

சில மாதம் கழித்து என் எல்லையை நாமகிரிப்பேட்டை வரை நீட்டினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால், நாலு எட்டு தள்ளி அதே வண்டி. பழைய கூட்டத்தில் பாதிதான். மஞ்சள் மண்டி ஆட்கள் மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டார். கையை நீட்டுங்கள் என்று சைகை காட்டினார்.

என் தோள்பையில் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மண்டிக்காரர் ஒருவர் அதை உற்றுப் பார்த்து, ஆருங்க இவரு என்று கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. சேலத்தில் நம்ம கடையில் தினமும் நின்று சாப்பிட்ட கஸ்டமர் என்று அக்கா சொன்னார். செட்டை என் கையில் வைத்தார். பழையபடி மொறுமொறுவென்று நொறுங்கியது. நான் மென்று முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைப் போடும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இந்தக் கடைய மட்டும் எதுலயும் ஏத்தீராதீங்க சாமி."

அந்த வார அறிக்கையில் நாமகிரிப்பேட்டை என்ற பெயருக்கு நேரே 'சேர்க்கத் தகுந்த கடை எதுவும் இல்லை' என்று எழுதினேன். இந்த வேலையில் நான் ஒழுங்காக நிரப்பிய ஒரே கட்டம் அதுதான்.