புல் வெட்டும் வண்டிக்குப் போன தோசைக்கல்

என் அப்பாவைத் திருடர் என்று நான் நினைத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு தோசைக்கல்லுக்காக.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓமானில் சோஹார் துறைமுகத்தை ஒட்டி ஆலைகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்த ஆலைகளில் ஒன்றின் அதிகாரிகள் குடும்பத்தோடு தங்குவதற்கென்று ஒரு குடியிருப்பு வளாகம் இருந்தது. அதன் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் ஸ்டோருக்கும் நடுவில், இரண்டு அறை கொண்ட ஒரு குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். வளாகத்தின் புல்வெளிகளையும் மோட்டார்களையும் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஆட்களில் மனைவி பிள்ளையோடு இருந்தவர் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். அந்த குவார்ட்டர்ஸ் அவருடைய வேலையோடு ஒட்டி வந்தது.

வேலையோ ஒரு வண்டியோடு ஒட்டி வந்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி. அப்பா அதை மெஷின் என்று சொன்னதே இல்லை, வண்டி என்றுதான் சொல்வார். அதன் மேல் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். ஊரில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாத மனிதர், வளாகத்தின் வளைவுகளில் அதைத் திருப்புகிற தோரணையைப் பார்த்தால் பின்னால் ஒரு ஊர்வலமே வருகிறது என்று தோன்றும். நான் ஜன்னலில் நின்று கை காட்டுவேன். அவர் தலையை மட்டும் லேசாக அசைப்பார். டூட்டியில் இருக்கிறாராம்.

வண்டிக்கு வயதாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் புல்லுக்குப் பாய்ச்சுகிற உப்புத் தண்ணீர். வண்டியின் அடியில், பிளேடுகளை மூடினாற்போல, கவிழ்த்த தாம்பாளம் மாதிரி ஒரு இரும்புத் தட்டு இருக்கும். அதை டெக் என்பார்கள். வெட்டின ஈரப்புல் அதன் உள்பக்கம் அப்பிக்கொண்டு, அங்கேயே ஊறி, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மேலே பச்சை பெயின்ட் பளபளவென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஈத் பெருநாள் விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் சேஃப்டி ஆபீசர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து டெக்கின் மேல் குத்தினார். அது முறுக்கில் குத்தினதுபோலப் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. சுழலுகிற பிளேடு கழன்று பறந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, வண்டியில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினார். விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் திரும்ப வருவதாகவும், அதற்குள் சரியாகவில்லையென்றால் வண்டி கண்டம்தான், பழைய இரும்புக்குத்தான் போகும் என்றும் சொன்னார்.

வண்டி போனால் புதுசு வாங்கமாட்டார்கள். வெளியில் ஒரு கம்பெனிக்குப் புல் வெட்டுகிற வேலையைக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் தங்கள் ஆட்களோடும் மெஷின்களோடும் வந்து இறங்குவார்கள். அப்பா தொழிலாளர் கேம்புக்குப் போய் ஒரு அறையில் எட்டாவது ஆளாகப் படுக்க வேண்டியிருக்கும். அம்மாவும் நானும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியிருக்கும். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு என் கவலை ஒன்றுதான்: சிவப்புச் சீட்டு கட்டின வண்டியில் அப்பா உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

பெருநாளன்று காலையிலேயே அப்பா டெக்கைக் கழற்றி ஸ்டோர் வாசலில் கவிழ்த்துப் போட்டார். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. தேய்த்து முடித்தபோது டெக்கில் இரும்பைவிட ஓட்டைதான் அதிகம். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மாவு சலிக்கலாம் போலருக்கே" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது எனக்குப் புதுசாக இருந்தது.

சின்ன ஓட்டைகளுக்கு ஸ்டோரில் கிடந்த பழைய ஏசியின் தகடு போதும். ஆனால் பிளேடு சுழலுகிற தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு முழுக்க உளுத்துப்போயிருந்தது. அங்கே மெல்லிய தகடு வைத்தால் முதல் சுற்றிலேயே கிழிந்துவிடும். கனமான தகடு வேண்டும். அப்பா பழைய இரும்புக் கடைகள் இருக்கிற பக்கம் போய்விட்டு, மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். பெருநாள் மூன்று நாளும் எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கேஸ் அடுப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். என் ஜியோமெட்ரி பாக்ஸைக்கூடக் கையில் எடுத்துப் பெருமூச்சு விட்டு வைத்தார்.

எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வார்ப்புக் கல் இல்லை, கனத்த தகட்டில் ஊர்ப் பட்டறையில் அடித்த கல். அம்மா கல்யாணமான புதிதில் அடித்து வாங்கியது. ஓமானுக்கு வரும்போது புடவை ஒன்றைக் குறைத்துக்கொண்டு அதைப் பெட்டியில் வைத்தாள். எண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று ஆகி, மாவை ஊற்றினால் தானே கழன்று வருகிற பதத்துக்கு வந்திருந்தது. அதில் வேறு எதையும் சுட விடமாட்டாள். ஒருமுறை அப்பா அதில் முட்டையை உடைத்து ஊற்றினார் என்று இரண்டு நாள் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா கத்தினால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பேசாமல் இருந்தால்தான் கோபம்.

பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் தோசை கேட்டேன். "இன்னைக்கு உப்புமாதான்" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். சமையலறைச் சுவரில் தோசைக்கல் மாட்டுகிற ஆணி வெறுமனே இருந்தது.  உப்புமாவைக் கண்டாலே ஓடிவிடுவேன் என்றாலும், இது வேறு.

ஸ்டோர் பக்கம் ஓடினேன். டெக்கின் மேல் எங்கள் தோசைக்கல் கிடந்தது. அதன் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தது. அப்பாவோடு பெஷாவர்க்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வளாகத்தின் வெல்டர். பெருநாளுக்கு எடுத்த வெள்ளை உடுப்பில், அத்தர் மணக்க வந்திருந்தார். தோசைக்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ தோ தவா ஹை, பாய்!" என்று அலறினார். ரொட்டி சுடுகிற கல்லை வெட்டச் சொல்கிறாயே, அண்ணி நாளைக்கு எதில் சுடுவார்கள் என்று அவர் இந்தியில் கோபித்துக்கொள்ள, அப்பா தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னார். பிறகு இரண்டு பேரும் வெல்டிங் கேபிளை எடுத்துவர உள்ளே போனார்கள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா எடுத்துவந்துவிட்டார். பெஷாவர்க்காரருக்கே நியாயம் தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. தோசைக்கல்லைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, என் பள்ளிக்கூடப் பையில் அட்லஸுக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில் செருகி, பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அட்லஸில் அரபிக்கடல் முழுக்க எண்ணெய் இறங்கியது அன்றைக்குத்தான்.

வெளியில் பீப்பாய்கள் உருளுகிற சத்தம் கேட்டது. "யாரும் வரலியே, எங்க போயிருக்கும்?" என்று அப்பா கேட்பதும், பெஷாவர்க்காரர் குனிந்து நிமிர்ந்து தேடுவதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தன. வெள்ளை உடுப்பின் முழங்காலில் கிரீஸ் ஆகிவிட்டிருந்தது. அரை மணி நேரம் ஆனது. அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு டெக்கின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு அவர் எழுந்து வீட்டுக்கு வருவதைப் பார்த்ததும், முந்திக்கொள்ள வேண்டும் என்று பையோடு சமையலறைக்கு ஓடினேன். தோசைக்கல்லை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"அப்பா வெட்டப் பாத்தாங்கம்மா. நாந்தான் காப்பாத்தி வச்சிருக்கேன்."

அம்மா கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தோசைக்கல்லை வாங்கித் துணியால் சாக்பீஸ் கோடு அழியாமல் ஒரு துடை துடைத்தாள். வாசலில் அப்பா வந்து நின்றார். அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. வெரசா வெட்டச் சொல்லுங்க. அந்த அண்ணன் பெருநாச் சோறு திங்கப் போவணும்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காகப் போராடினேனோ அவளே எதிரியிடம் கொடுத்துவிட்டாள்.  அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிரைண்டர் பட்டதும் பொறி பறந்தது. பத்து வருஷத்து எண்ணெய் சூடேறி, வளாகம் முழுக்கத் தோசை வாசனை அடித்தது. பெஷாவர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினார். நான் காதைப் பொத்திக்கொண்டு உப்புமாவைத் தின்றேன். சாயங்காலத்துக்குள் தோசைக்கல் டெக்கோடு டெக்காகப் பற்றவைக்கப்பட்டு, நடுவில் தண்டுக்குத் துளையும் போடப்பட்டு, பெயின்ட் அடித்துக் காயப்போட்டாகிவிட்டது.

ஆனால் அம்மா அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோற்றைப் பரிமாறுகிற கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. முட்டைக்கே இரண்டு நாள் என்றால் கல்லையே வெட்டினதற்கு எத்தனை நாள் ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பயந்துபோனேன்.

விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் சேஃப்டி ஆபீசர் வந்தார். அதே ஸ்க்ரூடிரைவர். ஏசித் தகடு ஒட்டின இடங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்டைச் சுற்றியிருந்த வட்டத்தில் ஓங்கிக் குத்தினார். டங்கென்று கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது. இன்னொரு தடவை குத்தினார். ஸ்க்ரூடிரைவர்தான் வளைந்தது. இது என்ன தகடு என்று இங்கிலீஷில் கேட்டார். அப்பா ஒரு கணம் யோசித்தார்.

"ஹீட் ட்ரீட்டட் பிளேட், சார்."

சூடேற்றிப் பதப்படுத்தின தகடாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு அப்பா ஏறி உட்கார்ந்து வண்டியை ஓட்டினார். பிளேடு முழு வேகத்தில் சுழல, ஆபீசர் கூடவே நடந்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பெரிய புல்வெளியின் முழுச் சுற்று. அப்பாவின் முதுகு அன்றைக்கு நிமிரவேயில்லை, ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தே இருந்தார். வண்டி திரும்பி வந்து நின்றது. ஆபீசர் குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து, சிவப்புச் சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சொல்வதற்கு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா ஜன்னலிலிருந்து அப்போதுதான் நகர்ந்திருந்தாள். நான் சொல்வதற்குள்ளேயே கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகளை இழுத்துவிட்டாள். இரண்டும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தன. மேலே மார்க்கரில் விலாசம்: ஒன்றில் அம்மா பெயர், ஒன்றில் என் பெயர், கீழே எங்கள் ஊர். அம்மா பல்லால் கடித்துக் கயிற்றை அவிழ்த்தாள். என் யூனிஃபார்ம், ஸ்வெட்டர், பொம்மை என்று ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அப்பா பேரு எங்கம்மா?"

"அப்பாவுக்கு எதுக்குப் பெட்டி" என்றாள் அம்மா. இரண்டு நாளில் என்னிடம் அவள் பேசின முதல் வார்த்தை அது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தோசைக்கல்லை வெட்டின கோபத்தில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே கிளம்பியிருக்கிறாள்! நல்லவேளை, மனசு மாறிவிட்டது. இந்தச் செய்தியை உடனே சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும் என்று வெளியே ஓடினேன். அப்பா வண்டியிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மாவுக்குக் கோபம் போயிருச்சு. பெட்டியெல்லாம் பிரிச்சு வச்சிட்டாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். 

"நெசமாவா ஆத்தா? எல்லாத்தயும் பிரிச்சிட்டாளா?"

"எல்லாத்தையும். என் பொம்மையக்கூட. நீங்க போயி ஸாரி சொல்லிருங்க."

அப்பா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் வாசல் படியில் உட்கார்ந்து காவல் காத்தேன்.  கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர்களைச் சேர்த்துவைத்தது நான்தான் என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.