ஏழு மணிச் செய்தி

என் வீட்டுக்காரர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். கடையில் எப்போதும் சத்தம் போடுவது டி.வி.தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் செய்தி சேனலைப் போட்டுவிடுவார். எங்கே கொள்ளை, எங்கே கத்திக்குத்து, எந்த ஊரில் தனியாக இருந்த பெண்மணியைக் கட்டிப்போட்டார்கள் என்று ஒரே செய்தியை நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். கேட்டதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் பரிமாறுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் குடியிருப்பில் அவர் சந்தேகப்படாத ஆளே கிடையாது. நாலாவது மாடிக்கு ஒரு தாடிக்காரர் குடிவந்தார், கையில் எப்போதும் ஒரு கனத்த பெட்டியோடு. "பெட்டியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று இரண்டு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமே போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், இதற்கு நேர் எதிர். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் பிளாக்கில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். டி.வி.யை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"செய்தியே கேக்கறதில்லையா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தினம் ஏழு மணிக்குக் கேக்கறேனே. நடந்து போய்க் கேக்கறேன்."

விஷயம் இதுதான். எங்கள் நான்கு பிளாக்கிலும் நாத்தனாரைத் தவிரத் தனியாக இருப்பவர்கள் இருபத்து நாலு பேர். நாத்தனாரும் எங்கள் பிளாக்கில் இருக்கும் தையல்காரம்மாவும் ஆளுக்குப் பன்னிரண்டு கதவாகப் பிரித்துக்கொண்டு தினமும் காலை ஏழு மணிக்குத் தட்டிவிட்டு வருவார்கள். கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவாரே, நாத்தனார் அப்படித்தான் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளேயிருந்து "நல்லா இருக்கேன்" என்று குரல் வந்தால் அடுத்த கதவு. வராவிட்டால் திறந்து பார்க்க வேண்டும். அதற்காக எல்லாரும் ஒரு மாற்றுச் சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்து வைப்பது என்று முடிவானது. நாத்தனாரும் தன் சாவியைக் கொடுப்பதாகச் சொன்னார்.

அந்தச் சாவிகளை வெட்டித் தரச் சொல்லித் தம்பியிடம் வந்தார். இவர் குதித்தார்.

"அத்தனை வீட்டுச் சாவியும் ஒரே எடத்துலயா? திருடனுக்குப் பந்தி விரிக்கிறியாக்கா?"

"எந்தத் திருடனுக்குடா?"

"நியூஸ் பாரு, தெரியும்."

"நீ பாக்கற நியூஸ்ல நம்ம பிளாக் எப்பவாவது வந்திருக்கா?"

அக்கா பேச்சைத் தட்ட இவருக்குத் தைரியம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அதே வாரம் அக்கா வீட்டுக் கதவின் உள்பக்கம் தகடு அடித்து, குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் போட்டார். சட்டம் நகராமல் இருக்க ஒரு முளையும் வைத்தார். உள்ளே அதை மாட்டிவிட்டால் வெளியே எந்தச் சாவி இருந்தும் பயனில்லை. நாத்தனாருக்கு அது வேண்டாத வேலை. இருந்தாலும் தம்பி ஆசையாகச் செய்தது என்று தினமும் படுக்கப் போகும்போது மாட்டினார். என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தையல்காரம்மா எங்கள் கதவை இடித்தார். தட்டக் கிளம்பும் முன் இருவரும் சந்திக்கும் இடத்துக்கு நாத்தனார் வரவில்லையாம். சாவி போட்டால் பூட்டு திறக்கிறது, கதவு திறக்கவில்லை. உள்ளே முனகல் கேட்கிறது.

இவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

நாத்தனார் ஐந்து மணிக்கே குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். நகர முடியவில்லை. இவர் கதவில் துளை போட ஆரம்பித்தார். தன் கையால் அடித்த தகடு, தன்னிடமே மல்லுக்கு நின்றது. துளைக்கும் பிட் ஒன்று உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. "அக்கா, பேசுக்கா!" என்று கத்தினார். உள்ளேயிருந்து வந்த குரல் தேய்ந்துகொண்டே போனது. கடவுளைக் கூப்பிட்டேன், நடுவில் இவரைத் திட்டவும் செய்தேன்.

அதற்குள் நடைபாதை நிறைந்துவிட்டது. தினமும் நாத்தனாருக்குக் குரல் கொடுக்கிறவர்கள் பலர், தட்டுச் சத்தம் கேட்கவில்லையே என்று தாங்களே கிளம்பி வந்துவிட்டார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காது மந்தமான பழைய தபால்காரர் கதவில் வாயை ஒட்டி, "கண்டக்டரம்மா, தூங்கிடாதீங்க! எந்த ஸ்டாப்புல இருக்கீங்க?" என்று நாலு பிளாக்குக்கும் கேட்கும்படி கத்தினார்.

"நடு ரோட்டுல பிரேக்டவுன்யா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாடிக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே இரும்பைத் துளைக்கும் பெரிய டிரில். மனிதர் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்க எடத்தைக் காட்டுங்க சார், நான் போடறேன்."

இவர் சாக்பீஸால் இரண்டு புள்ளி வைத்தார், முளைக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. துளை விழுந்ததும் கம்பியை உள்ளே விட்டு முளையைத் தள்ளிச் சட்டத்தைத் தூக்கினார். மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நாத்தனார் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"என் பங்குல நாலு பேரை இங்க காணோம். போய்த் தட்டு."

"நான் உன்கூட வரேன்க்கா."

"என்கூட உன் பெண்டாட்டி வருவா. நீ போடா."

போனார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். நாத்தனார் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆச்சு?"

"ஆறாம் நம்பர் நல்லா இருக்கார், முட்டி வலியாம். பத்தாம் நம்பர் குளிச்சிட்டிருந்தாராம், ஏன் லேட்டுன்னு என்னைத் திட்டினார். பதினாலுல அந்தம்மா உனக்காக அழுதாங்க. மத்தபடி நல்லா இருக்காங்க."

"நாலாவது, டீச்சரம்மா?"

இவர் காகிதத்தை மடித்தார். "யாருன்னு கேட்டாங்க. கண்டக்டரோட தம்பின்னேன். அவ்வளவுதான், கதவை முழுசாத் தெறந்து உள்ள வந்து உக்காருன்னாங்க. வேற எதுவும் கேக்கலை. உன்னை நம்பி இத்தனை வீடு தெறக்குதுக்கா. நான் உன்னையே போய் உள்ள வச்சுப் பூட்டிட்டேனே."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாத்தனார் அவர் தலையில் கை வைத்தார்.

"சரி, போதும். நாளைக்கும் ஏழு மணிக்குப் போகணும். டீச்சரம்மா கதவை மட்டும் மெதுவாத் தட்டு. அவங்க சட்டுன்னு பயந்துப்பாங்க."

"சரிக்கா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.