அக்காவின் கட்டியும் தம்பியின் கல்யாணமும்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்களை விடிகாலையில் நடக்க வைத்தவள் நான்தான். தினமும் நடந்து, எடையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையும் என்று ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் சொல்லக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். குறையும் என்றுதான் அந்த டாக்டர் சொன்னார், வரவே வராது என்று சொல்லவில்லை. மார்பில் ஏதாவது வித்தியாசமாகத் தட்டுப்பட்டால் உடனே வந்து காட்டுங்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை ஊரெல்லாம் பரப்பினேன். இரண்டாவது பாதியை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சம்.

அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நான் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள். டீயில் சர்க்கரையை விட்டாள், பரோட்டாவை விட்டாள், தூறல் விழுந்தாலும் குடையோடு நடக்க வந்தாள். யாராவது கேட்டால், "எல்லாம் என்ற தங்கச்சி போட்ட சட்டமுங்க" என்று சிரிப்பாள். எனக்குத் தலைக்கனம் ஏறக் கேட்பானேன்?

ஒருநாள் நடக்கும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அம்மணி, குளிக்கறப்ப இடது மார்ல என்னமோ உருண்டையா தட்டுப்படுது."

"வலிக்குதா?"

"இல்லையே."

"வலி இல்லாட்டி ஒண்ணும் இருக்காதுக்கா. இந்த நடையும் ராகிக்களியும் இருக்கறப்ப உனக்கு எங்க வரப்போகுது?"

எங்கே படித்தேன், யார் சொன்னார்கள்? ஒன்றும் கிடையாது. வாய் இருந்தது, சொல்லிவிட்டேன்.

அப்போது எங்கள் தம்பிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. எட்டு வருடம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து கிடைத்த சம்பந்தம். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இணைச்சீர் என்கிற சடங்கைச் செய்ய உடன்பிறந்தவள் வேண்டும். அது அக்காதான் என்று முடிவாகியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சுபோகும்" என்றேன். "பரம்பரை நோவுன்னு எவளாச்சும் சொல்லிப்போட்டா பொண்ணு ஊட்டுக்காரங்க பின்வாங்கிருவாங்க. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வெளக்கெண்ணெய் தடவு."

தம்பியை நினைத்து அவளும் தயங்கியிருப்பாள். ஆனால் நான் வா என்று கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பாள். சர்க்கரையை விடு என்றதும் விட்டவள் அல்லவா.

கல்யாணத்தில் பட்டும் பூவுமாகத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மறுவாரம் டாக்டரிடம் போனோம். அதற்குள் அக்குளிலும் கட்டி வந்திருந்தது. "எப்போ பார்த்தீங்க?" என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, "ஒரு வாரமாச்சுங்க" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தம்பியின் மாமியார் பார்க்க வந்தார். எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் இதேதானுங்க. பத்து வருசமாச்சு. சுண்டக்கா அளவு இருக்கறப்பவே காட்டி எடுத்துப்போட்டோம். இப்ப நல்லாத்தான் இருக்கறேன். வெளிய தெரிஞ்சா நீங்க பொண்ணு வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயந்து மறைச்சுப்போட்டோமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

நாங்களா வேண்டாம் என்றிருப்போம்? எட்டு வருடம் அலைந்த நாங்களா? அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அவரிடமே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். அக்கா, "அதுக்கென்னங்க, பரவாயில்லீங்க" என்று அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாள். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் தாங்கமுடியாமல் நானே, "என்னை ஒரு வார்த்தை திட்டிப்போடுக்கா" என்று அழுதேன்.

"எதுக்கு அம்மணி? நீ எனக்கு நல்லதுதானே சொல்லுவே" என்றாள்.