ரசமட்டத்தின் முழங்கால்

எங்கள் அத்தானை வேலை இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்போமே, நடுவில் கண்ணாடிக்குள் ஒரு குமிழி ஆடிக்கொண்டிருக்கும் கோல், அது எந்நேரமும் அவர் கையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் மேசைமேல் அதை வைத்துப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். என் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, உட்கார்ந்த நாற்காலி இடப்பக்கம் சாய்கிறது என்று அட்டையை மடித்து அடியில் சொருகிவிட்டார். மாமனார் அதை இன்னும் மறக்கவில்லை.

அவர் என் அக்காவின் கணவர், டைல்ஸ் பதிப்பவர். நான் கலவை போடுகிறவன், டைல்ஸ் வெட்டித் தருகிறவன், அதோடு திட்டு வாங்குகிறவன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூன்று வேலையையும் ஒரே ஆளாகப் பார்க்கிறேன்.

பதித்த மறுநாள் காலையில் அவர் தவறாமல் செய்கிற ஒரு காரியம் உண்டு. வீட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால், முட்டி போட்டபடியே அறை முழுக்க நகர்ந்து, கலவைக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். நிறையாமல் இருந்தால் காலி டப்பாவைத் தட்டியது மாதிரி கேட்கும். கேட்டால் அவ்வளவுதான், பெயர்த்துவிட்டு வேறு வைப்பார். ஒரு டீச்சர் வீட்டில் அவர்கள் குடிவந்த பிறகு, பீரோவுக்கு அடியில் ஒன்றைத் தட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, போய்க் கதவைத் தட்டினார். "பீரோ மறைச்சுக்கிட்டிருக்கு அத்தான், யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். "எனக்குத் தெரியுமே மச்சான்" என்றார். பீரோவை நகர்த்தியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது வருஷம் இப்படி முட்டி போட்டால் முட்டி என்ன இரும்பா? ஐம்பத்து நாலு வயதில் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. உட்கார்ந்து எழும்போதெல்லாம் "அம்மா" என்பார். அவருடைய அம்மா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இத்தனை தடவை கூப்பிட்டிருந்தால் அந்த மனுஷி எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும் என்பாள் அக்கா. வலிக்கிறதா என்று நேராகக் கேட்டால் மட்டும் "பரவாயில்ல" என்பார். பரவாயில்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை அவருக்கு.

அக்கா இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினாள். மூட்டுத் தேய்மானம். எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவில் மெத்தைபோல இருக்கிற குருத்தெலும்பு ஒரு பக்கம் நன்றாகவே தேய்ந்திருந்தது. செயற்கை மூட்டு வைத்தால் வலி குறையும், நடக்கலாம், ஆனால் நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செய்கிற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. அத்தான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "முட்டி போடாம நான் என்ன பண்ணுவேன்?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவே சொன்னார். அவர்கள் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜையை ஊசியால் எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்கி, முழங்காலுக்குள் போடுவார்கள். தேய்ந்த குருத்தெலும்பு சீராக அது உதவுகிறதா என்று பார்ப்பார்கள். "பலன் இருக்கும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே" என்றார். அதெல்லாம் அத்தான் காதில் விழவே இல்லை. கையெழுத்துப் போட எங்கே என்று பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரனையே வேலைக்கு வெக்கிற மாதிரி. வேல செய்வானான்னு தெரியாது, ஆனா விட்டுட்டு ஓட மாட்டான்" என்று டீக்கடையில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

மஜ்ஜை எடுத்த அன்று ஒரு நர்ஸ் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றது. "அவ்ளோதாம்ப்பா, முடிஞ்சிருச்சுப்பா" என்றது. அக்காவுக்கும் அவருக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு 'அப்பா'வில் மனுஷன் விழுந்துவிட்டார்.

முழங்காலில் ஊசி போட்டு அனுப்பும்போது அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தது. தினமும் சாயங்காலம் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். ஊசிக்கு முன்னால் அவர் சொன்ன எண் ஏழு. அதுவும் அக்கா தொடையில் கிள்ளியதால் சொன்னது. அவர் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்பதால் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் ஆறு என்றார். அப்புறம் நாலு. ஒரு மாதம் முடிவதற்குள் ரெண்டு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டு என்று சொன்ன அன்று மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை நான் பார்த்தேன்.

"இப்பதானே அம்மான்னீங்க?"

"அது பழக்கம். நீ எழுது."

"அத்தான்."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணு எவ்ளோ பாடுபடுது. ஏழுன்னு எழுதிக்கிட்டுப் போய் நின்னா அது மூஞ்சி எப்படிப் போகும்? அதுவுமில்லாம, இவனுக்குப் பலிக்கலன்னு தெரிஞ்சா நம்மள விட்டுட்டு வேற ஆளப் பாப்பாங்க. அப்புறம் யாரு என் முட்டியப் பாக்கறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தும் எழுதினேன். மூன்றாம் மாதத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக எழுதினேன். சொன்ன வாய் அவருடையது, எழுதிய கை என்னுடையது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

மூன்று மாதம் கழித்து நோட்டோடு மூவரும் போனோம். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தானுக்குக் கை சும்மா இருக்குமா? ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாலாவது டைல்ஸில் காலி டப்பா சத்தம் கேட்டது. மறுபடி தட்டினார். பக்கத்திலும் அதே சத்தம்.

"பாத்தியா மச்சான். பதிச்சவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? மேல பளபளன்னு இருக்கு, எவன் தட்டிப் பாக்கப் போறான்னு விட்டுட்டுப் போயிருக்கான். நாளைக்கு ஒரு நோயாளி இதுல கால வெச்சு இது உடைஞ்சா?"

அக்கா அவர் ஊன்றுகோலைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க நோட்டுல எழுதியிருக்கிறதும் அப்படித்தாங்க" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சத்தியமாக நான் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவள் கைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தாள். தினமும் கிழிக்கிற நாள்காட்டித் தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சில் கோடுகள். அத்தான் ஒவ்வொரு தடவை அம்மா என்னும்போதும், அடுப்படியில் இருந்தாலும் சரி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, வந்து ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே. ஆனா ஸ்கேன்ல இவ்ளோ மாற்றம் தெரியலையே" என்றார். நர்ஸ் பெண் சிரித்துக்கொண்டே நின்றது. அத்தான் அந்த முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுல இருக்கிறது எதுவும் நெசம் இல்ல டாக்டர். வலி அப்படியேதான் இருக்கு. நான் பொய் சொன்னேன்." என் பெயரை அவர் இழுக்கவே இல்லை. நானாகத்தான் எழுந்து நின்று, எழுதினது நான் என்றேன்.

நர்ஸ் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. ஏன் என்று அது கேட்டது, அவரும் சொன்னார். "நீங்க ஏழுன்னா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்ப்பா. ஆனா நீங்க எழுதின ஒண்ண நம்பி நாளைக்கு நாங்க இன்னொரு அப்பாவுக்கு இதே ஊசியப் போட்டா?" என்றது.

அந்த மூன்று மாதத்து எண்களை எடுத்துக்கொள்ள முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. ஆனால் ஆளை ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. முழங்காலைத் தொடர்ந்து பார்ப்போம், இனி அவரே தன் கையால் எழுத வேண்டும் என்றார். பழைய எண்களை அழிக்கவும் கூடாதாம். ஒவ்வொன்றின்மேலும் ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. தொண்ணூறு எண். அத்தான் மேசையோரம் உட்கார்ந்து தொண்ணூறு கோழிக் கிளறலையும் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அவர் போட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா அக்காவின் தாள்களை வாங்கி மேசையில் பரப்பினார். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு முப்பத்தொன்று, முப்பது என்று கோடுகள். கடைசி வாரத்தில் இருபத்தைந்து, இருபத்துநாலு.

"இதையும் நான் ஆராய்ச்சியில சேக்க முடியாது. ஊசியாலதானா, வேலைக்குப் போகாம ஓய்வா இருந்ததாலயான்னும் சொல்ல முடியாது. ஆனா கொறஞ்சிருக்கு" என்றார். "நீங்க ஒண்ணு ஒண்ணுன்னு எழுதினதுல இது தெரியாமலே போயிருக்கும்."

ஒன்று என்று வரிசையாக எழுதவைத்தபோது இல்லாத சந்தோஷம் அந்த இருபத்துநாலில் வந்தது அவருக்கு. பேனாவை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அவர் முதுகில் கை வைத்தாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன.

அதற்குப் பிறகு அவரே எழுதினார். ஆறு, ஆறு, ஏழு, அஞ்சு. ஏழு எழுதிய நாட்களில் நோட்டின்மேல் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நர்ஸ் பெண் ஒவ்வொரு எண்ணையும் படித்துவிட்டு, "நெசந்தானேப்பா?" என்று கேட்கும். ஒரு வருஷம் முடிந்தபோது நாலு, மூணு என்று வந்து நின்றது. டாக்டரம்மா இன்னமும் வாக்குக் கொடுக்கவில்லை. வேலைக்கு வருகிறார், ஆனால் பத்து நிமிஷம் முட்டி போட்டால் பத்து நிமிஷம் நாற்காலி. நாற்காலியில் இருந்தபடி திட்டுவது இன்னும் வசதியாகத்தான் இருக்கிறது அவருக்கு.

போன வாரம் ஒரு காலை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு டைல்ஸ் லேசாக ஆடியது. அத்தான் முட்டி போட்டு அதைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். கலவைச் சட்டியோடு நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணும் ஆகல. எழுந்தேன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க, இன்னொரு தடவ உக்காந்து எழுந்திரிங்க."

உட்கார்ந்து எழுந்தார். இந்தத் தடவை "அம்மா" என்றார்.

அக்கா நாள்காட்டியிடம் போய், பென்சிலை எடுத்து, அன்றைய தாளின் பின்னால் ஒரு கோடு போட்டாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். அந்த ஒரு கோடுதான் இருந்தது.