பட்டாசு டீச்சரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும்

ஐந்தாம் வகுப்புக்கு ‘உடலும் உறவும்’ பாடத்தை யார் எடுப்பது என்று தலைமையாசிரியை மதர் கேட்டதும், ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். மறைக்கல்வி சிஸ்டர் செபமாலையையே கையில் எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது அறிவியல் டீச்சர் ஒருத்திதான். பட்டாசு டீச்சர் என்று அவளுக்குப் பெயர். திரி கிள்ளாமலே வெடிப்பாள்.

“நானே எடுக்கறேன் மதர். ஆனா பூ, தேனீன்னு சுத்தி வளைக்க மாட்டேன்.”

“கொஞ்சமாவது சுத்தி வளைங்கம்மா” என்று மதர் கெஞ்சினார்.

வளைக்கவில்லை. உடம்பின் பாகங்களை அதனதன் பெயரைச் சொல்லியே கரும்பலகையில் எழுதினாள். வகுப்பு மொத்தமும் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தது. சிரித்துத் தொலையட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றாள். ஒரு கை கூட எழவில்லை.

எழாது என்று அவளுக்குத் தெரியும். அவளும் இதே பள்ளியில் படித்தவள்தானே. முதல் தடவை உடையில் ரத்தத்தைப் பார்த்த அன்று, கதை முடிந்தது, போய்ச் சேரப் போகிறோம் என்று நினைத்து, தன் புதுச் செருப்பைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா சொன்னதெல்லாம் “யார்கிட்டயும் மூச்சு விடாதே” மட்டும்தான். அவள் சாகவில்லை. செருப்பும் திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் பாவசங்கீர்த்தனத் தொட்டி கண்ணில் பட்டது. கோயிலுக்குப் புதிது வாங்கியதும், பழையதைக் கொண்டுவந்து விளையாட்டுச் சாமான் அறையில் போட்டிருந்தார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டு; நடுவில் தட்டி, அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் பாவி; முகம் தெரியாது. இதைவிட வேறென்ன வேண்டும்? தூசியைத் தட்டி, சாப்பாட்டு இடைவேளையில் சாமியார் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். பழக்கதோஷம், எல்லோரும் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள்.

“டீச்சர், பாப்பா தொப்புள் வழியாவா வரும்?”

“இல்லப்பா. கர்ப்பப்பைன்னு சொன்னேனே, அங்கேர்ந்து வர்றதுக்குத் தனி வழி இருக்கு. வியாழக்கிழமை படம் போட்டுக் காட்டறேன்.”

“டீச்சர், எங்க மாமா முத்தம் குடுத்தா எனக்குப் பிடிக்கல. வேணாம்னு சொன்னா பாவமா?”

“பாவமே இல்ல. யாரா இருந்தாலும் வேணாம்னு சொல்லு. கேக்கலேன்னா நேரா என்கிட்ட வா. நான் பாத்துக்கறேன்.”

விஷயம் வீடுகளுக்குப் போனது. புனிதப் பொருளில் உட்கார்ந்து அசிங்கம் பேசுகிறாள் என்று ஒரு அம்மா மதரிடம் வந்து குதித்தார். மதர் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டார். “ஒரு நாள் உக்காந்து என்ன கேக்கறாங்கன்னு பாருங்க சாமி. தப்புன்னா தொட்டிய விறகுக்குப் போட்டுடலாம்.”

அன்று சாமியார் உள்ளே உட்கார, டீச்சர் வெளியே வராந்தாவில் குட்டி போட்ட பூனையாக அலைந்தாள். மணி அடித்ததும் சாமியார் வெளியே வந்தார். வேர்வை வழிந்தது.

“தப்பு பண்ணிட்டேன் டீச்சர்.”

“என்ன ஆச்சு?”

“ஒரு பொண்ணு...” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “சொல்லக் கூடாது. என் இருமல் சத்தத்த வச்சு நான்னு கண்டுபிடிச்சுட்டா. பாவசங்கீர்த்தனமாவே பண்ணிட்டா. நானும் வாய்ப்பழக்கத்துல பரிகாரமா ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது.”

“எந்தப் பொண்ணு சாமி?”

“பாவசங்கீர்த்தனத்துல கேட்டத உயிரே போனாலும் சொல்ல முடியாது.” கையைப் பிசைந்தார். “டீச்சர், நீங்க ஜெபம் பண்ணி ரொம்ப நாளாச்சு. இப்பவே சேப்பலுக்குப் போங்க.”

அடப்பாவி மனுஷா, இந்த நேரத்தில் எனக்கு உபதேசமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பரிகாரம் கொடுத்தால் பிள்ளை எங்கே போய் மண்டியிடும்? டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

சேப்பலில், முதல் வரிசையில், இரண்டாம் பெஞ்ச் வாயாடி முழங்காலில் இருந்தாள். இடுப்பில் ஸ்வெட்டரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இந்த வெயிலில் ஸ்வெட்டர்! “அருள் நிறைந்த மரியே” என்று விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ரத்தமா?”

பிள்ளை உடைந்துவிட்டது. “அம்மாகிட்ட பொய் சொன்னேன் டீச்சர். கடவுள் தண்டிச்சுட்டாரு. அம்பது மரியே சொன்னா நிக்கும்னு நெனச்சேன். நாப்பது சொல்லிட்டேன். நிக்கல.”

“அடி என் தங்கமே, ஐநூறு சொன்னாலும் நிக்காது” என்று அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “இது தண்டனையும் இல்ல, சீக்கும் இல்ல. நீ வளர்ற. எனக்கும் வந்துது, உங்கம்மாவுக்கும் வந்துது, அதோ அந்த மாதாவுக்கும் மாசாமாசம் வந்துருக்கும்.”

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாதா சொரூபத்தை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த சாமியாருக்கு இருமல் வந்தது.

“இருமாதீங்க சாமி, அதனாலதான் இவ்வளவும்” என்றாள் டீச்சர். “வியாழக்கிழமை என் வகுப்பு. கடைசி பெஞ்சுல வந்து உக்காருங்க. அதான் உங்க பரிகாரம்.”

சாமியார் தலையாட்டினார். தொட்டி விறகுக்குப் போகாது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

டீச்சர் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டாள். “சரி, உண்மையச் சொல்லு. செத்துடுவோம்னு நெனச்சு யாருக்கு என்ன தூக்கிக் குடுத்த?”

வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள். “கலர் பென்சில் டப்பா... பக்கத்து சீட்டுக்காரிக்கு.”

“எந்திரி” என்றாள் டீச்சர். “முதல்ல ஆபீஸ் ரூமுக்குப் போய் நாப்கின் வாங்குவோம். அப்புறம் உன் பென்சில வாங்கிட்டுத்தான் மறுவேலை.”