ஆறு ஜோடி உடுப்பு

சிரட்டைக்கரி கனலும் தேய்ப்புப் பெட்டியின் அடியில் கஞ்சி போட்ட துணி சூடேறும்போது எழும் மணம், ஒன்பது வயதில் நான் செய்த ஒரு காரியத்தைக் கொண்டுவந்து என் முன்னே நிறுத்திவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஞானம் அக்கா கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டும். ஆறு ஜோடி உடுப்போடு வந்தால்தான் விடுதியில் இடம் என்று கடிதம் வந்திருந்தது. அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்த எங்கள் வீட்டில் அவளுக்கென்று இருந்தவை நீலத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு பாவாடைகள், 'ஜம்பர்' என்று நாங்கள் சொல்லும் ரவிக்கை ஒன்று, அவ்வளவுதான். அம்மா தன் கல்யாணப் புடவையை விரித்துச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கத்தரியை வைத்தாள். அதிலிருந்து இன்னும் இரண்டு ஜம்பர்கள் வந்தன. அக்கா எல்லாவற்றையும் கஞ்சி போட்டுத் தேய்த்துப் பாயில் பரப்பி, மூன்று ஜம்பரையும் நீலத்தோடு ஒருமுறை, வெள்ளையோடு ஒருமுறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். எதோடு எதைச் சேர்த்தாலும் புது உடுப்பாகத் தெரிந்தது.

"ஆறு ஆச்சும்மா!" என்றாள்.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவளில்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புறப்படும் நாள் காலையில் நீலப் பாவாடையைச் சுருட்டி வைக்கோற்போருக்குள் செருகிவிட்டேன். ஒரு பாவாடை குறைந்தால் ஆறு மூன்றாகிவிடும் என்ற அளவுக்கு எனக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

மாட்டுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த அம்மா, "ஏட்டி, நீலப் பாவாடையைக் கண்டியா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன்.

கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு அக்கா பெட்டியை மூடினாள். "இருக்கதோட போறேன். சேக்கலேன்னா திரும்பி வாறேன்" என்றாள். அதைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா போன பிறகு எங்கள் முன்னால் அவள் அழுததே இல்லை. நான் தொழுவத்துப் பக்கமிருந்த வைக்கோற்போருக்கு ஓடினேன்.

தூசும் வைக்கோலும் ஒட்டிய பாவாடையை அக்கா வாங்கி உதறினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"நான் போகக் கூடாதுன்னா எடுத்து ஒளிச்ச?" என்று கேட்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "லீவுக்கு வருவேன் மக்கா."

விடுதியில் அந்த ஆறும் ஆறாகவே ஒப்புக்கொள்ளப்பட்டன. இரண்டு வருஷத்தில் அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தாள்.

இன்று அந்த வண்டித் தடத்தில் பஸ் ஓடுகிறது. 'ஜம்பர்' என்றால் கடைப்பெண்ணுக்குப் புரிவதில்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் படித்தவர்கள் தலை நரைத்து எதிரே வருகிறார்கள், "டீச்சருக்க தங்கச்சிதானே?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அவள் டீச்சர் ஆகாமல் தடுக்கப் பார்த்தவளும் நான்தான் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.