பேண்டேஜ் துணியில் ஒரு வட்டம்

வாக்கை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ரகம் நான். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தபோதும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக் கண்காட்சி என்றால் விலங்கியலுக்குப் பாட்டிலில் பாம்பு இருக்கும். வேதியியலில் புகை வரும், நுரை பொங்கும். கணக்கு அறையில் சூத்திரம் எழுதிய சார்ட்டுகள் தொங்கும். வருகிற பெற்றோர் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் பாம்புக்குப் போய்விடுவார்கள். அந்த வருடம் கணக்குக்குத் தனி அறை கிடையாது என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சமன்பாட்டைத் தட்டினால் தானே வளைகோடு வரைகிற கால்குலேட்டர் ஒன்று அமெரிக்காவிலிருந்து எனக்கு வருகிறது, அதைக் காட்டுகிறேன் என்று எல்லா டீச்சர்கள் முன்னாலும் சொல்லிவிட்டேன். அறையைக் கொடுத்தார். கூடவே, சொன்னபடி வளைகோடு காட்டாவிட்டால் இனி எந்த வருடமும் அறை கேட்டு வரக்கூடாது என்றும் சொன்னார்.

கால்குலேட்டரைக் கொண்டு வருவதாக இருந்தவன் என் நாத்தனார் மகன். வந்தான். சாக்லேட் வந்தது, ஷாம்பு வந்தது, கால்குலேட்டரை மட்டும் மறந்துவிட்டான். நாத்தனார் மகனைத் திட்ட முடியுமா? அதனால் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

அவர் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே சின்ன ஷெட் ஒன்றில் தறி போட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். எவ்வளவு திட்டினாலும் சாப்பாட்டில் கை நிற்காது. அன்றைக்கும் சாப்பிட்டு முடித்துத்தான் பேசினார். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எஸ்.டி.டி. பூத்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து நெட் காட்டுகிறாராம். அதில் இல்லாததே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போனோம். போன் கீச்சென்று கத்திக் கத்தி ஒருவழியாக இணைப்பு கிடைத்தது. பூத்காரரும் நானுமாகத் தேடித் தேடி, ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின் கணக்குத் துறை போட்டிருந்த ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தோம். கட்டத்துக்குள் சமன்பாட்டைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால், கீழே கோடு வளைந்து வளைந்து வந்தது. மூன்று இதழ்ப் பூ ஒன்று. இருதயம் ஒன்று. பதினைந்து வருடமாகச் சாக்பீஸால் நான் கோணல் மாணலாகப் போட்டுக்கொண்டிருந்த கோடுகள், அத்தனை அழகாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரருக்குச் சந்தேகம்தான் வந்தது.

"சும்மாவா குடுக்கான்? பொறவு எதுவும் கேப்பானோ?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதீர்கள் என்றேன்.

ஆனால் பூத்தில் பிரிண்டர் இல்லை. திரையில் தெரிகிற பூவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படிக் கொண்டு போவது? வீட்டுக்காரர் வெளியே போய் மொபெட் பெட்டியிலிருந்து பேண்டேஜ் துணி எடுத்து வந்து திரைமேல் விரித்தார். திரையிலிருந்த மின்சாரத்துக்கு அது அப்படியே ஒட்டிக்கொண்டது. துணிக்குள்ளே கோடு பளிச்சென்று தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக நூல். கிராஃப் தாளே தான். பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டேன். பூவுக்கு ஒரு துண்டு, இருதயத்துக்கு ஒரு துண்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக வட்டத்துக்கு ஒரு துண்டு. அவருடைய மூளையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் மாலைகளில் அவர் நூலை எண்ணிச் சொல்லச் சொல்ல, நூலுக்கு அரை சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துப் பெரிய சார்ட்டில் வரைந்தேன். பூ கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது. அந்தப் பூவை அதற்கு முன்னால் யார் பார்த்திருக்கிறார்கள்? அதன் லட்சணமே அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வட்டம் எளிதுதானே என்று அதைக் கடைசிக்கு விட்டிருந்தேன். எண்ணி எழுதிய கணக்கை எடுத்துப் போய்க் கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் பள்ளியிலேயே வரைந்தேன்.

முடிக்கும்போது தலைமையாசிரியை வந்து பின்னால் நின்றார்.

"வட்டம்னு எழுதியிருக்கு, முட்டை படுத்திருக்கே டீச்சர்?"

முட்டைதான். பூவும் இருதயமும் அதே அளவுக்கு அகலத்தில் வீங்கியிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஓடிப்போய் ஷெட்டுக்குப் போன் போட்டேன். வட்டம் முட்டையாகிவிட்டது என்று அழுகிற குரலில் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"நெடுக்க போற பாவு நூலு நெருக்கமா இருக்கும், குறுக்க போற ஊடை தள்ளித் தள்ளித்தான் ஓடும். பேண்டேஜுன்னா அப்படித்தான."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் உட்கார்ந்து எண்ணிச் சொன்னீர்களே, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். நெடுக்கும் குறுக்கும் ஒரே இடைவெளி என்று நான் நினைத்திருப்பேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம். அது ஊருக்கே தெரிந்த விஷயமாம். கணக்கு டீச்சருக்குத் தெரியாதென்று யார் நினைப்பார்கள்? போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் மொபெட் சத்தம் கேட்டது. பின் சீட்டில் ஒரு கட்டுத் துணி, பையில் சிவப்பு உல்லன் நூலும் நான் புள்ளி வைத்த மூன்று துண்டுகளும். தறிகளை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"சார்ட்ட தூரப் போடு. துணியிலிருந்து துணிக்கே எண்ணு. அதே பாவு, அதே ஊடை. சின்னதுல ஒண்ணுன்னா பெருசுல அஞ்சு."

எனக்கு மூளையில் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. சின்னத் துணியிலும் பெரிய துணியிலும் கோணல் ஒன்றாக இருந்தால் வட்டம் வட்டமாகத்தானே வரும்! இதைச் சொல்ல வேண்டியவள் நான். சுவரில் துணியை விறைப்பாகக் கட்டினோம். அவர் விரல் நுனியால் நூல்களை ஐந்தைந்தாகத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டே போனார். எத்தனை வருடத்துப் பழக்கம் அது! நான் ஊசியில் சிவப்பு நூலைக் கோர்த்துப் பின்னாலேயே போனேன். வெயில் தாழ்வதற்குள் மூன்றும் முடிந்துவிட்டன.

தலைமையாசிரியை வந்தார். பூவைப் பார்த்தார், இருதயத்தைப் பார்த்தார், வட்டத்தின் முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த பிரம்பை முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் வைத்து அளந்தார்.

"வட்டந்தான்" என்றார். "நாளைக்கு சாரும் இங்க நிக்கட்டும். யாராவது கேட்டா அவரே சொல்லட்டும்."

மறுநாள் முழுவதும் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்று, வந்த கூட்டத்துக்கெல்லாம் பாவையும் ஊடையையும் விளக்கினார். பாம்பைப் பார்க்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

அந்த ஊரில் டீச்சர்கள் புருஷன் வண்டியில் போனால் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வோம். பிள்ளைகள் பார்த்துவிடுமே என்ற பயம். அன்று சாயங்காலம் கோயில் தேர் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது அவர் தோளில் கையை வைத்தேன். எதிரே எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜபாளையம் வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.